‘நெஸில்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவது எப்படி: மடி இருக்கிறதா என்று பாருங்கள்

சாயங்காலம் ஆறு ஆறரைக்குக் கோழி வளர்க்கிற வீட்டின் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தாய்க்கோழி ஒரு மூலையைப் பார்த்து உட்கார்ந்து இறக்கையை லேசாக விரிக்கும். குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து தலையால் முட்டி இறக்கைக்கு அடியில் நுழையும். நுழைந்ததும் சும்மா இருக்காது, இப்படி அப்படித் திரும்பி, பின்பக்கத்தால் தள்ளி, தனக்குத் தோதான ஓர் இடம் கிடைக்கும்வரை நெளிந்துகொண்டே இருக்கும். அப்புறம் கீச்சுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து அடங்கிவிடும். கடைசியில் ஒரே ஒரு குஞ்சு மட்டும் தாயின் மார்ச்சிறகை விலக்கிக்கொண்டு தலையை நீட்டி வெளியே பார்க்கும்.

நுழைவது, நெளிவது, இடம் கண்டுபிடிப்பது, சூட்டில் அடங்குவது, இத்தனைக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினைச்சொல் இருக்கிறது. என், ஈ, எஸ், டி, எல், ஈ என்று எழுதுவார்கள். ‘நெஸில்’ என்று சொல்வார்கள்.

அகராதியைப் புரட்டினால் ‘வசதியாக அமர்’, ‘இதமாகப் பொருந்தி இரு’ என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வாக்கியம் எழுதப் போனால் சறுக்கும், ஏனென்றால் ஏசி பேருந்தில் சாய்வு இருக்கையில் வசதியாக அமர்ந்திருப்பவரும் வசதியாகத்தான் அமர்ந்திருக்கிறார், அவரைப் போய் யாரும் நெஸில் என்று சொல்லமாட்டார்கள். ஆங்கிலம் பழகத் தொடங்கி, பாடப்புத்தகத்தைத் தாண்டிச் செய்தி, விளம்பரம், சமையல் குறிப்பு என்று வாசிக்க ஆரம்பித்திருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லை நிதானமாக, அடி மேல் அடி வைத்துப் பார்ப்போம்.

முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

எழுத்தில் டி இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை. புதிதாக வாசிக்கிற பலரும் ‘நெஸ்டில்’ என்று படிப்பார்கள், இல்லாவிட்டால் நூடுல்ஸ் பாக்கெட்டில் பார்த்த பழக்கத்தில் ‘நெஸ்லே’ என்பார்கள். இரண்டும் இந்த வினைச்சொல்லுக்குப் பொருந்தாது.

சரியான ஒலியைப் பிடிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது: விசில். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடுவிலும் இதே டி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் நாம் யாரும் ‘விஸ்டில்’ அடிப்பதில்லை. விசில் மாதிரி நெஸில், அவ்வளவுதான். கோட்டையைக் குறிக்கும் காஸில், மல்யுத்தத்தைக் குறிக்கும் ரெஸில், சலசலப்பைக் குறிக்கும் ரஸில் எல்லாம் இதே குடும்பம். எஸ்ஸுக்கும் எல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட டி ஒரு காலத்தில் வாயில் ஒலித்தது, பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது, எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. ‘லிஸன்’ என்பதிலும் அப்படித்தான்.

அழுத்தம் முழுக்க ‘நெஸ்’ மேல். பின்னால் வரும் ‘இல்’லை அழுத்தாதீர்கள், நாக்கு நுனியை மேலே தொட்டு விட்டால் போதும். கப்பலுக்கும் பாத்திரத்துக்கும் சொல்கிற ‘வெஸல்’ என்ற சொல்லோடு இது எதுகை போல ஒத்து ஒலிக்க வேண்டும். வெஸல், நெஸில், வெஸல், நெஸில் என்று பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு (அவன், அவள், அது) நெஸில்ஸ், இறந்த காலத்துக்கு நெஸில்டு, தொடர்ச்சிக்கு நெஸ்லிங். அந்த நான்கும் வாயில் தடங்கலில்லாமல் வந்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

அந்த நிறுவனப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் வருவதே அங்கிருந்துதான். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். 1814இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரை ஊரான வெவேயில் குடியேறிய ஆன்ரி நெஸ்லே, 1867இல் குழந்தைகளுக்கான பால்மாவு உணவைக் கொண்டுவந்தவர். அவருடைய வட்டார ஜெர்மன் பேச்சில் அந்தக் குடும்பப் பெயருக்கு ‘சின்னக் கூடு’ என்று பொருள். அதனால்தான் அந்த நிறுவனத்தின் முத்திரையில் இன்றும் ஒரு கூடும், தாய்ப்பறவையும், குஞ்சுகளும் இருக்கின்றன. எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு சாய்கோடு உண்டு, அதுதான் ‘லே’ என்று ஒலிக்கவைக்கிறது. நம்முடைய வினைச்சொல்லுக்கு அந்தக் கோடு கிடையாது. ஆனால் கூடு மட்டும் இரண்டுக்கும் பொது, அது தற்செயல் இல்லை.

அடுத்தது கூட்டைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் கூட்டுக்கு ‘நெஸ்ட்’. இது நமக்குத் தெரியும். பழைய ஆங்கிலத்தில் ‘நெஸ்ட்லியன்’ என்று ஒரு வினை இருந்தது, ‘கூடு கட்டு’ என்று நேரடியான பொருள். பறவைக்கு மட்டுமே சொன்னார்கள். பிறகுதான் கூட்டில் பறவை இருக்கிற மாதிரி இதமாக அடங்கி இருப்பது என்ற பொருளுக்கு நகர்ந்து, குழந்தைக்கும் பூனைக்கும் ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே சொல்லின் உள்ளே இப்போதும் கூடு இருக்கிறது. கூட்டை விட்டு இன்னும் வெளியே வராத குஞ்சுக்கு ‘நெஸ்லிங்’ என்று பெயர், சிறகு முளைத்துப் பறக்கப் பழகுகிற குஞ்சுக்கு ‘ஃப்ளெட்ஜ்லிங்’.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் நமக்குப் பழக்கமான ஓர் இடத்துக்கு வந்து சேருவோம். நெஸ்ட் என்ற சொல்லின் தொல்வேரில் இரண்டு துண்டுகள்: ‘நி’ என்றால் கீழே, ‘ஸெத்’ என்றால் உட்கார். கீழே உட்காரும் இடம்தான் கூடு. இதே இரண்டு துண்டுகளும் சமஸ்கிருதத்தில் ‘நி’, ‘ஸத்’ என்று இருக்கின்றன, முன்னால் ‘உப’ சேர்த்தால் உபநிஷத்து, அதாவது ஆசானுக்கு அருகில் கீழே உட்காருவது. சமஸ்கிருதத்தில் கூட்டுக்கு ‘நீடம்’ என்று சொல்வதும் இதே வேர்தான், சாந்திநிகேதனில் இருக்கும் விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகத்தில் அந்தச் சொல் வருகிறது, உலகம் முழுவதும் ஒரே கூடாக ஆகும் இடம் என்று. ஆங்கிலத்தின் ‘சிட்’, ‘சீட்’, ‘செட்டில்’ மூன்றும் இந்த ‘ஸெத்’தின் பிள்ளைகளே. நெஸில் என்பதில் உட்காருவது ஏன் இருக்கிறது, குடியமர்வது ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் பொருள் மறக்காது என்பது என் அனுபவம், அதனால்தான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒருமுறை எங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியது. இரண்டு இலைகளின் ஓரத்தைச் சேர்த்து, அலகால் துளை போட்டு நாரை இழுத்துத் தைத்து, உள்ளே பஞ்சை நிரப்பியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது கூடு என்றே தெரியாது, இலை கொஞ்சம் மடங்கியிருக்கிறது என்றுதான் நினைப்போம். மேலே இருந்து எட்டிப்பார்த்தால் பஞ்சுக்குள் பாதி புதைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குஞ்சுகள். இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இலைப்பொதிதான் கண்முன் வரும். நீங்களும் இப்படி ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அகராதிப் பொருளைவிட அது அதிகமாக உதவும்.

மூன்று கேள்விகள், அப்புறம் மடி

அந்தக் கூட்டிலிருந்தே விதி கிடைக்கிறது. நெஸில் போடுவதற்கு முன் உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்பது சுற்றியிருப்பதைவிடச் சிறியதா? சுற்றியிருப்பது அதைக் கொஞ்சமாவது அணைத்துக்கொள்கிறதா, பக்கவாட்டிலாவது ஒரு தடுப்புப் போல நிற்கிறதா? அந்த இடத்தில் இதமும் பாதுகாப்பும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தயங்காமல் போடலாம்.

இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் நினைவில் வைத்துக்கொள்வது சிரமம் என்றால், இன்னொரு வழி சொல்கிறேன். பல வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மொழிபெயர்ப்பும் செய்து, எனக்குப் பிடிபட்ட வழி இது. நீங்கள் சொல்லவருகிற வாக்கியத்தைத் தமிழில் நினைத்து அதில் ‘மடி’ என்ற சொல் இயல்பாக உட்காருகிறதா என்று பாருங்கள். அம்மா மடியில் குழந்தை, சரி. மலையின் மடியில் ஒரு கிராமம், சரி, நாமே அப்படித்தான் எழுதுகிறோம். வைக்கோலின் மடியில் மாம்பழம் என்றால் கொஞ்சம் கவிதையாக இருக்கிறது, ஆனாலும் பொருந்துகிறது. பேருந்து நிலையத்தின் மடியில் ஓட்டல் என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவே இல்லை. உச்சியின் மடி என்பதும் ஒட்டாது, உச்சிக்கு மடி கிடையாது. இங்கெல்லாம் ஆங்கிலத்தில் நெஸிலும் ஒட்டாது.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஆங்கிலம் வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிற அதே உணர்வைத் தமிழ் ‘மடி’ என்ற பெயர்ச்சொல்லுக்குள் வைத்திருக்கிறது. சிறியதைப் பெரியது தாங்குவது, வளைந்து அணைப்பது, பயமில்லாமல் இருப்பது, எல்லாமே மடியில் உண்டு. அதனால்தான் இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரே வினைச்சொல் தேடினால் கிடைக்காமல் திண்டாடுகிறோம்.

தமிழ் வினைகள் எங்கே விலகுகின்றன

திண்டாட்டம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் எங்கே பிசகுகிறது என்று தெரிந்தால் ஆங்கிலச் சொல் தானாகத் தெளிவாகும்.

‘ஒண்டு’ என்ற சொல் பக்கத்தில் வருகிற மாதிரி இருக்கும். மழைக்கு ஒரு டீக்கடை ஓரத்தில் ஒண்டினோம் என்கிறோம். சிறிய இடம், ஒட்டி நிற்பது, தஞ்சம், எல்லாம் இருக்கிறது. ஆனால் இதம் இல்லை, வேறு வழியில்லாத நிலைமை இருக்கிறது. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லில் இருக்கிற நெருக்கடியை நினைத்துப் பாருங்கள், அங்கே நெஸில் போட்டால் பொருளே மாறிவிடும். ‘பதுங்கு’ என்றால் யாரிடமிருந்தோ ஒளிவது, அல்லது யார் மீதோ பாயக் காத்திருப்பது. நெஸிலில் பயமும் இல்லை, திட்டமும் இல்லை. ‘ஒடுங்கு’ என்பதில் உடம்பைக் குறுக்கிக்கொள்வது சரியாக வருகிறது, ஆனால் கூச்சமோ குளிரோ மேலோங்கி நிற்கிறது. ‘முடங்கு’ சொல்லவே வேண்டாம், நோய் நினைவுக்கு வந்துவிடும்.

மிக நெருங்கி வருவது ‘அடை’. பொழுது சாய்ந்ததும் பறவைகள் கூடு அடைந்தன என்போம், கோழி அடைந்துவிட்டதா என்று கேட்போம். அந்த ‘அடைதல்’ அழகான சொல், அப்படியே நெஸில்தான். ஆனால் அது கோழிக்கும் பறவைக்கும் நின்றுவிட்டது, ‘பாப்பா அம்மாவிடம் அடைந்தது’ என்று சொல்ல முடியாது. எனவே மொழிபெயர்க்கும்போது ஒரே சொல்லில் பிடிவாதமாக நிற்காதீர்கள். குழந்தை என்றால் ‘மடியில் இதமாகச் சுருண்டுகொண்டது’, தோளில் தலை என்றால் ‘தோளில் வாகாகச் சாய்ந்துகொண்டாள்’, பழம் முட்டை என்றால் ‘பொதிந்து வை’, ஊர் என்றால் ‘மலை மடியில் அமைந்திருக்கிறது’. இடத்துக்கு இடம் மாற்றலாம், மாற்றவும் வேண்டும்.

இனி வாக்கியம் கட்டலாம்

மூன்று அமைப்பு தெரிந்தால் போதும்.

ஒன்று, தானாகச் செய்வது. ‘த கிட்டன் நெஸில்டு இன்டு ஹெர் லேப்’, பூனைக்குட்டி அவள் மடிக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. இங்கே அசைவு இருக்கிறது, அந்தக் கோழிக்குஞ்சு நெளிந்த மாதிரி. அதனால்தான் ‘இன்டு’. ஏற்கெனவே போய் இருந்துவிட்டது, இப்போது அசைவில்லை என்றால் ‘இன்’ போதும்.

இரண்டு, இன்னொன்றை அப்படி வைப்பது. ‘ஷீ நெஸில்டு த மேங்கோஸ் இன் ஸ்ட்ரா’, அவள் மாம்பழங்களை வைக்கோலில் பொதிந்து வைத்தாள். ‘ஹி நெஸில்டு ஹிஸ் ஹெட் அகெய்ன்ஸ்ட் ஹெர் ஷோல்டர்’, தலையை அவள் தோளில் வாகாகச் சாய்த்துக்கொண்டான். அழுத்தித் திணிப்பது இல்லை, நோகாமல் வைப்பது. மூட்டையை லாரியில் ஏற்றுகிறவர் நெஸில் செய்வதில்லை, பழக்கூடையில் வைக்கோல் பரப்பி ஒவ்வொரு பழமாக வைக்கிறவர் செய்கிறார்.

மூன்று, இருக்கும் நிலையைச் சொல்வது. ‘த வில்லேஜ் நெஸில்ஸ் இன் எ வேலி’ என்றும் எழுதலாம், ‘த வில்லேஜ் இஸ் நெஸில்டு இன் எ வேலி’ என்றும் எழுதலாம். கிராமம் தானாக ஒண்ணும் செய்யவில்லையே, யாரும் அதைத் தூக்கி வைக்கவும் இல்லையே, எது சரி என்று குழம்ப வேண்டாம். இரண்டும் நல்ல ஆங்கிலம், இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஊருக்கு ஓர் உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஊரைப் பற்றி ‘இஸ் நெஸ்லிங்’ என்று தொடர்நிகழ்காலத்தில் முழு வாக்கியம் எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள், ஊர் இப்போதுதான் நெளிந்து இடம் தேடுகிற மாதிரி ஆகிவிடும். ‘எ வில்லேஜ் நெஸ்லிங் இன் த ஹில்ஸ்’ என்று பெயரெச்சம் போல ஒட்டி வந்தால் பிரச்சினை இல்லை.

முன்னிடைச்சொற்களில்தான் நம்மவர்களுக்குக் கை தடுமாறும். பலவற்றுக்கு நடுவே என்றால் ‘அமங்’, இரண்டுக்கு நடுவே என்றால் ‘பிட்வீன்’. ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்று ஓர் ஊர் இருக்கிறது, ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் செங்குத்தாக மலை, நடுவில் ஒடுக்கமான கரையில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் இருக்கும். அதற்கு ‘பிட்வீன்’ அச்சாகப் பொருந்தும். ஒன்றை ஒட்டிச் சாய்ந்தால் ‘அகெய்ன்ஸ்ட்’. ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டால் ‘நெஸில் அப் டு’. தூங்குவதற்காகப் போர்வைக்குள் இதமாகப் படுத்துக்கொண்டால் ‘நெஸில் டவுன்’. அடிவாரம் என்றால் ‘அட் த ஃபுட் ஆஃப்’. தமிழில் ‘மேல்’ என்று நினைத்துக்கொண்டு ‘ஆன் டாப் ஆஃப்’ மட்டும் போட்டுவிடாதீர்கள், அதைப் பற்றி அடுத்தே சொல்கிறேன்.

ஊரைப் பற்றி எழுதும்போது

நெஸிலை நாம் அதிகமாகப் பார்ப்பது சுற்றுலா எழுத்தில்தான். ஒருமுறை மலைவாசத்தலம் ஒன்றில் இருக்கும் ஒரு விடுதியின் அறிமுகக் கையேடு திருத்துவதற்கு என்னிடம் வந்தது. முதல் வரியே ‘நெஸில்டு ஆன் த ஹையஸ்ட் பீக்’. எழுதிய பெண் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர், சொல் அழகாக இருக்கிறது என்று போட்டிருக்கிறார். நான் அவரிடம் கேட்டேன், அம்மா, நாலா பக்கமும் காற்று அடிக்கிற உச்சியில் பறவை கூடு வைத்துக் குஞ்சு தூங்குமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ‘பெர்ச்டு’ என்று மாற்றிவிட்டார்.

அதுதான் சரி. பறவைக்கு இரண்டு இருப்பு உண்டு. கூட்டுக்குள் இருப்பது நெஸில், கிளை நுனியிலோ சுவர் உச்சியிலோ உட்காருவது ‘பெர்ச்’. முன்னதில் இதம், பின்னதில் உயரமும் திறந்தவெளியும். திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயில் 83 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் இருக்கிறது, அது பெர்ச். மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் அருவிச் சாரலோடு இருக்கும் குற்றாலம், அது நெஸில். தஞ்சாவூர் போன்ற பரந்த சமவெளி நகரத்துக்கு இரண்டும் வேண்டாம், ‘லைஸ் இன்’ என்றோ ‘ஸ்டாண்ட்ஸ் இன்’ என்றோ எழுதினால் போதும். ஆனால் அதே தஞ்சைப் பக்கம் தென்னந்தோப்புக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அய்யனார் கோயில் இருந்தால் அதற்கு நெஸில் போடலாம். மலை அவசியமில்லை, அணைப்புதான் அவசியம்.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கென்றே அமைந்த மாதிரி ஓர் ஊர் உண்டு. வில்ட்ஷைர் மாவட்டத்தில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் தெற்குப் பக்கம், காஸில் கூம் என்று பெயர். தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய வீடுகள், கீழே ஒரு சிற்றாறு, சுற்றிலும் மரங்கள் அடர்ந்த சரிவு. அந்தப் பெயரில் முதல் சொல்லில் நாம் மேலே பார்த்த ஒலிக்காத டி இருக்கிறது, ‘கூம்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு என்றே பொருள். ‘காஸில் கூம் நெஸில்ஸ் இன் எ வுட்டட் வேலி’ என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பும் பொருளும் சேர்ந்து நினைவில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுற்றுலா விளம்பரங்கள் இந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. ‘நெஸில்டு இன் த ஹில்ஸ்’ என்று தொடங்காத மலை விடுதி விளம்பரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே ஊரைப் பற்றி எழுதினால் ஒரு கட்டுரைக்கு ஒரே தடவை, அதுவும் எதற்குள் என்பதைத் துல்லியமாகச் சொல்லிப் போடுங்கள். வெறும் மலைகளுக்கு நடுவே என்பதைவிட, தேயிலைச் சரிவுக்கும் ஓடைக்கும் நடுவே என்றால் படிப்பவருக்குக் கண்ணில் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘ஸ்னகில்’ என்பது மனிதர்களுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் சொல்வது, போர்வை, குளிர், அன்பு மூன்றும் சேர்ந்த நெருக்கம். ஊர் ஸ்னகில் செய்யாது. ‘கடில்’ என்றால் கையால் அணைப்பது. ‘நஸில்’ என்பதை நெஸிலோடு குழப்பிக்கொள்வார்கள், அது மூக்கால் உரசுவது, மூக்கைக் குறிக்கும் ‘நோஸ்’ உள்ளே இருக்கிறது, கன்றுக்குட்டி நம் உள்ளங்கையை முகத்தால் தேய்க்கிறதே, அது. ‘ஹடில்’ என்றால் குளிருக்கோ பயத்துக்கோ பலர் ஒன்றுகூடி நெருக்கியடித்து நிற்பது, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் ஆட்டக்காரர்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நிற்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கணினி படித்தவர்கள் ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். ‘நெஸ்டட் லூப்’ என்று படித்திருப்பீர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பது. அது ‘நெஸ்ட்’ என்ற வினை, அதில் அடுக்கு மட்டும்தான், இதம் கிடையாது. ஒரு நிரலுக்குள் இன்னொன்று ‘நெஸில்டு’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். பறவைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்று கேட்கவும் ‘நெஸ்ட்’தான், ‘நெஸில்’ இல்லை.

எதிர்பாராத இரண்டு இடங்கள்

ஒன்று சமையல். ஆங்கிலச் சமையல் குறிப்பு வாசிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். தக்காளி மசாலா கொதிக்கும்போது கரண்டியின் பின்பக்கத்தால் சின்னச் சின்னக் குழி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவார்களே, அதற்கு ‘நெஸில் த எக்ஸ் இன்டு த சாஸ்’ என்று எழுதுவார்கள். கோழித்துண்டை அரிசிக்குள் பாதி அமுக்கி மீதி வெளியே தெரிய வைப்பதற்கும் அதே சொல். மேலே வைப்பதும் இல்லை, முழுக்க மூழ்கடிப்பதும் இல்லை, பதித்து வைப்பது. அந்தப் பாதியைத்தான் சொல் குறிக்கிறது, எனவே குறிப்பில் நெஸில் என்று பார்த்தால் கிளறிவிடாதீர்கள்.

இன்னொன்று கால்பந்து வர்ணனை. பந்து கோல்காப்பாளரைத் தாண்டி வலையின் மூலையில் போய்த் தங்கினால் ‘நெஸில்டு இன் த பாட்டம் கார்னர்’ என்பார்கள். வேகமாகப் போன பந்தை வலை மெத்தென்று வாங்கிக்கொள்கிறது. வலைக்கும் ஒரு மடி உண்டு என்று வைத்துக்கொண்டால் இதுவும் நம் கணக்கில் வந்துவிடும்.

கையால் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கீழே சொல்கிறவற்றில் எதற்கு நெஸில் வரும், எதற்கு வராது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் என் பதிலைப் பாருங்கள். மழைக்குப் பாலத்தடியில் நிற்கும் ஆட்கள். கண்ணாடிப் பெட்டியில் பஞ்சுக்குள் வைத்திருக்கும் மூக்குத்தி. மலையுச்சியில் கலங்கரை விளக்கம். தாத்தாவின் கையிடுக்கில் தலையை வைத்துக் கதை கேட்கும் பேத்தி. கூட்ட நெரிசலில் பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறவர்.

பாலத்தடி ஆட்களுக்கு வராது, அது ஒண்டுவது, ஆங்கிலத்தில் ‘ஷெல்டர்’. மூக்குத்திக்கு வரும், ‘எ நோஸ் ஸ்டட் நெஸில்டு இன் காட்டன்’. கலங்கரை விளக்கத்துக்குப் பெர்ச். பேத்திக்கு வரும், நன்றாகவே வரும், ‘ஷீ நெஸில்டு இன்டு த க்ரூக் ஆஃப் ஹிஸ் ஆர்ம்’, கையிடுக்கை அவர்கள் ‘க்ரூக்’ என்பார்கள், இந்த இணையைச் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படிக்கட்டில் தொங்குகிறவருக்கு ‘க்ளிங்’.

கடைசியாக, முதலில் சொன்ன அந்தக் கோழியையும் குஞ்சுகளையும் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘அட் டஸ்க் த சிக்ஸ் நெஸில்டு டவுன் அண்டர் த ஹென், ஆல் பட் ஒன்.’ அந்த ஒன்று, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்த குஞ்சு.